பழைய காருக்கு மாலை வேண்டாம், ஓடுவதற்கு ஒரு நேர்க்கோடு போதும்

காட்டுப்பள்ளிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும், வடக்கே பழவேற்காடு. நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல் நிலம். அதில் இன்று ஒரு துறைமுகம், ஒரு கப்பல் கட்டும் தளம். கொஞ்சம் தெற்கே வந்தால் காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையம், சாம்பல் குட்டை. சாலை முழுக்க கன்டெய்னர் லாரி. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று நிற்கும்.

2010-இல் இருந்து காமராஜர் துறைமுகம் வழியாகக் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. பெயின்ட் வாசனை போகாத புதுக் கார்கள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாகக் கப்பலுக்குள் நுழையும். உலகத்துக்கே கார் அனுப்புகிற ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். தப்பில்லை.

ஆனால் இதே ஊர்க்காரன் ஒருவன் ஒரு பழைய காரைத் தன் கையால் பிரித்து, பழுது பார்த்து, மெருகேற்றி, "இது எவ்வளவு வேகம் போகும்?" என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் எங்கே போவான்? அதற்கு இங்கே இடமில்லை. நேரான, காலியான, பாதுகாப்பான இரண்டு கிலோமீட்டர் தார் ரோடு இவ்வளவு பெரிய தொழிற்பேட்டையில் அவனுக்குக் கிடையாது. இருப்பதெல்லாம் லாரி ஓடுகிற பொதுச்சாலைதான். அங்கே ராத்திரியில் பைக்கை முறுக்கிப் பார்க்கிறார்கள் பையன்கள். சிலர் திரும்பி வருவதில்லை. மறுநாள் பேப்பரில் நாலு வரி, போலீஸ் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை கேட்பது ஒன்றே ஒன்று. பழைய வண்டியை வேகத்துக்காகக் கட்டி ஓட்டிப் பார்க்க வடசென்னைக்கு ஒரு நேர்த்தடம் வேண்டும். இது ஆடம்பரமான கோரிக்கை கிடையாது. ஒரு காலத்தில் இங்கே கிட்டத்தட்ட இருந்த ஒன்றைத் திரும்பக் கேட்பதுதான்.

முப்பது கிலோமீட்டர் வட்டம்

ஒரு வேகக் காருக்கு என்னென்ன வேண்டும்? கார், டயர், வேலை தெரிந்த கை, ஓட ஒரு தடம். இந்த நாலும் ஒரே வட்டாரத்தில் கிடைத்த இடம் இந்தியாவில் எத்தனை இருக்கும்?

எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அசோக் லேலண்ட் என்றால் லாரியும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1948-இல் ரகுநந்தன் சரண் அதை அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியபோது அங்கே கோத்தது கார். ஆஸ்டின் ஏ40. இங்கிலாந்தில் இருந்து உதிரியாக வந்த காரை எண்ணூரில் முழுசாக்கி வெளியே அனுப்பினார்கள். லேலண்ட் பெயர் ஒட்டிக்கொண்டது 1955-இல்தான்.

அப்படியே திருவொற்றியூருக்கு வாருங்கள். அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. புல்லட் இங்கே பிறந்தது அப்படித்தான். அதற்கும் முன்னால், 1946-இல், அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்குப் பலூன் செய்துகொண்டிருந்தார். அந்தக் கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. பலூன் ஊதியவர்கள் ரேஸ் டயர் செய்கிற அளவுக்கு வளர்ந்தார்கள்.

கையா? காட்டுப்பள்ளிக்கே திரும்புங்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற கப்பல் பழுது பார்க்க வந்து நின்றது இங்குள்ள எல் அண்ட் டி தளத்தில். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுது பார்ப்பதற்காக இந்தியா வந்தது அதுதான் முதல் முறை. அந்த மாதிரி வேலை செய்கிற ஊரில், ஒரு கார் சேஸிஸுக்கு நாலு பைப் வளைத்து வெல்டிங் வைக்க ஆள் கிடைக்காதா?

கடைசியாகத் தடம். காட்டுப்பள்ளியில் இருந்து நேராக மேற்கே பார்த்தால் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்தது, விமானம் போனது, ஓடுதளம் மிச்சம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெயிலில், புழுதியில், ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். ராஜா வீட்டு ஜாகுவாரும் ஓடியது, ஒர்க்ஷாப்பில் தட்டிக் கொட்டிக் கட்டிய ஃபியட்டும் ஓடியது. 1980-களில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரைக்கூட அங்கே ஓட்டினார்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தத் தடம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் அது வளைவுகள் உள்ள சுற்றுத் தடம், நகரத்துக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம். பந்தயம் அங்கே போனதோடு வடசென்னை இந்தக் கணக்கில் இருந்தே அழிந்துவிட்டது. கார் கோத்த ஊர், பைக் செய்த ஊர், டயர் செய்த ஊர். ஓட்ட மட்டும் வேற ஊர். இது என்ன நியாயம்?

நேர்க்கோட்டுப் பந்தயம் என்றால்

பந்தயம் என்றதும் இருபது கார் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு சுற்றுவதுதான் நினைவுக்கு வரும். தரை வேகப் பந்தயம் அப்படியில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார். எதிரே யாரும் கிடையாது. நேராக ஓட வேண்டும், குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடந்தாய் என்று கருவி அளக்கும். உலக சாதனைக்கு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியை எடுப்பார்கள். காற்று முதுகில் தள்ளி உதவினால் அடுத்த ஓட்டத்தில் முகத்தில் அறையும், கணக்கு சரியாகிவிடும்.

இதற்குப் பேர் போன இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிற பான்வில் உப்புச் சமவெளி. 1949-இல் இருந்து அங்கே வேக வாரம் நடக்கிறது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனிக்காரர்கள் இல்லை. கொட்டகையில் வண்டி கட்டுகிறவர்கள். போர் முடிந்ததும் 1946-இல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தில் தொங்கவிடும் எண்ணெய்த் தொட்டியை வாங்கி, அதற்குள் இன்ஜினை வைத்து, சக்கரம் பூட்டி ஓட்டினார். காற்றைக் கிழிப்பதற்கென்றே செய்த வடிவம் காயலான் விலைக்குக் கிடைத்தால் யார் விடுவார்கள்? அந்த மாதிரி வண்டிகளுக்கு இன்றும் தனி வகுப்பு இருக்கிறது. பழைய இன்ஜின்களுக்கும் தனித்தனி வகுப்பு. 1930-களின் இன்ஜினோடு வருகிறவன் நேற்று வந்த இன்ஜினோடு மோத வேண்டியதில்லை. தன் வகையறாவோடு மோதினால் போதும்.

பர்ட் மன்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊர்க்காரர். அவர் வாங்கியது 1920-இல் செய்த இந்தியன் ஸ்கவுட் பைக். (பெயர்தான் இந்தியன், வண்டி அமெரிக்காவுடையது.) புதிதாக இருந்தபோது அது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டால் பெரிசு. மனிதர் பல பத்தாண்டுகள் அதையே கட்டிக்கொண்டு அழுதார். பிஸ்டனைத் தானே வார்த்தார். 1967-இல், 68 வயதில், அதே வண்டியைப் பான்வில்லில் 295 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்தார். அவருடைய சொத்து ஒரு கொட்டகையும் பொறுமையும்தான்.

இனி நம்மூர்க் கதை. 2018 ஆகஸ்டில் கெய்லா ரிவாஸ் என்ற 18 வயதுப் பெண் பான்வில்லில் ஒரு பைக்கை மணிக்கு 157 மைலுக்கு, அதாவது 250 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டினார். என்ன பைக் தெரியுமா? ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. மெருகேற்றியது அமெரிக்காவில், ஆனால் அந்த மாடல் தயாராவது சென்னைக்குப் பக்கத்தில். திருவொற்றியூரில் முளைத்த கம்பெனியின் வண்டி, தன் முழு வேகத்தைக் காட்ட 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் போக வேண்டியிருக்கிறது! இதைப் படித்துவிட்டுக் கை தட்டுவதா, வெட்கப்படுவதா?

மாலை போட்ட கார்கள்

சென்னையில் பழைய கார் ஆசை இல்லையா என்ன? தாராளமாக இருக்கிறது. கிளப்புகள் இருக்கின்றன. வருஷா வருஷம் ஊர்வலம் நடக்கிறது. பளபளவென்று துடைத்து, பானெட்டில் மாலை போட்டு, டர்பன் கட்டி, மெதுவாக ஓட்டி, ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்தி, போட்டோ எடுத்து, டிரைலரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கார்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் பாதி கார் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஆனால் கார் என்ன, உற்சவ மூர்த்தியா? உற்சவ மூர்த்திகூட தேரில் நாலு வீதி சுற்றும். ஓடுவதற்காகச் செய்த ஒரு பொருளை ஓடாமல் வைத்து மரியாதை செய்வது, நாதஸ்வரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவது மாதிரி. பார்க்க அழகு, சத்தம் வராது.

சட்டமும் இந்தக் கண்ணாடிப் பெட்டிப் புத்தியோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய வண்டி என்றால் விண்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். இதுவரை சரி. அடுத்ததுதான் இடிக்கிறது. சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ரோட்டுக்கு எடுப்பதும் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல், பழுது பார்ப்பு மாதிரி காரணங்களுக்கு மட்டும்.

ரோட்டைப் பொறுத்தவரை இந்த விதி நியாயமானதுதான். 70 வருஷத்து பிரேக்கை வைத்துக்கொண்டு அண்ணா சாலையில் அலுவலகம் போக வேண்டாம். ஆனால் இந்த விதியின் கண்ணில் பழைய காருக்கு ஒரே ஒரு வாழ்க்கைதான், பிறந்த கோலத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பது. மாற்றிக் கட்டிய பழைய கார் என்று ஒரு பிறவி இருக்கலாம் என்பதே அதற்குத் தெரியாது. கட்டியவனுக்கு விண்டேஜ் அந்தஸ்தும் இல்லை, சாதா வண்டி என்ற அந்தஸ்தும் இல்லை. உற்பத்தியாளர் சொன்ன அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது.

அதனால்தான் தடம் வேண்டும் என்கிறது. பொதுச்சாலையில் இந்த வண்டியை ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டிரைலரில் ஏற்றிக்கொண்டு போய், தடத்தில் ஓட்டி, டிரைலரிலேயே திரும்பிவிடலாம். போய் இறக்க ஓர் இடம் வேண்டுமே!

ஒரு ஆஸ்டினைக் கட்டுவது

வெறும் ஆசைப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு.

எண்ணூரில் கோத்த அதே ஆஸ்டின் ஏ40 டெவனை எடுத்துக்கொள்வோம். 1,200 சிசி இன்ஜின், 40 குதிரை சக்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினால் மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். இதை ஒன்றரை மடங்காக்கி 165 கிலோமீட்டர் ஓட வைக்க வேண்டும் என்று வையுங்கள். ஒன்றரை மடங்கு சக்தி போதும், 60 குதிரை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்று எதிர்த்துத் தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். ஒன்றரையை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 3.375 வரும். அதாவது 40 குதிரைக்குப் பதில் 135 குதிரை!

அந்தச் சின்ன இன்ஜினில் 135 குதிரையைப் பிழிந்தால் இன்ஜின் வெடித்துத் தெருவுக்கு வரும். அதனால் புத்திசாலி மெக்கானிக் இன்ஜினோடு நிற்க மாட்டான். காற்றோடு பேரம் பேசுவான். கூரையை இறக்குவான். முன்பக்க அகலத்தை ஒடுக்குவான். முகப்பு விளக்கு, பம்பர், கண்ணாடி என்று காற்றில் மாட்டுகிற எல்லாவற்றையும் கழற்றுவான். அடிப்பக்கத்தைத் தகடு போட்டு மூடுவான். பின்பக்கத்தைப் படகு மாதிரி கூம்பாக முடிப்பான். காற்றுக்குக் கொடுக்கிற கப்பத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டால் மீதிக்கு 70 குதிரை சொச்சம் போதும். இரண்டு கார்புரேட்டர், உயர்த்திய கம்ப்ரஷன், நல்ல கேம் ஷாஃப்ட் என்று பாடுபட்டால் அது எட்டுகிற தூரம்தான்.

அதற்கப்புறமும் வேலை இருக்கிறது. பின் ஆக்ஸிலின் பல் விகிதத்தை மாற்றாவிட்டால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பழைய டயர் அந்த வேகத்தில் நார் நாராகும், வேகத்துக்கென்று தரம் பார்த்த டயர் வேண்டும். ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் கூண்டு, ஐந்து பட்டை பெல்ட், தீயணைப்பான், பெட்ரோலை ஒரே தட்டில் நிறுத்துகிற சுவிட்ச். இதில் எது நம்மூர் ஐ.டி.ஐ. பையனுக்குத் தெரியாத வித்தை? ஃபிட்டர், டர்னர், வெல்டர், மோட்டார் மெக்கானிக் என்று நாலு டிரேடு சேர்ந்தால் ஒரு வேகக் கார். புத்தகத்தில் படிக்கிற வேகமும் விசையும் கனமும் கையில் கிரீஸோடு ஏறும். வேறு எந்த லேபில் இது கிடைக்கும்?

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. கோவையில் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று சின்ன ரேஸ் கார் செய்தார். குறைந்த செலவு, எல்லாருக்கும் ஒரே இன்ஜின். அந்தக் காரில் ஆரம்பித்த ஒரு கோவைப் பையன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். ஒருத்தர் கொட்டகையில் கார் கட்டினால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வழக்கமான மறுப்புகள்

"பழைய காரை வெட்டுவதா? பாவம் இல்லையா?" நியாயமான கேள்வி. முழுசாக, ஒரிஜினலாக இருக்கிற காரை வெட்டினால் பாவம்தான். வெட்டவே கூடாது. ஆனால் புதுப்பேட்டையிலும் ஊர்ப்புற ஷெட்டுகளிலும் பாடி இல்லாத சேஸிஸ், கார் இல்லாத இன்ஜின், துருப்பிடித்துப் பாதி கரைந்த கூடு என்று அனாதையாகக் கிடப்பவை உண்டு. அவற்றை யாரும் ஒரிஜினலாக்கப் போவதில்லை. அடுத்த நிறுத்தம் உருக்காலைதான். அங்கே போவதற்குப் பதில் தடத்துக்குப் போகட்டும்.

இன்னொரு கதையும் உண்டு. ஜே.ஜி.பாரி தாமஸ் என்ற வேல்ஸ்காரர் வேறொருவரிடம் இருந்து பழைய ரேஸ் கார் ஒன்றை 125 பவுனுக்கு வாங்கினார். 27 லிட்டர் விமான இன்ஜின் வைத்த வண்டி. அதை மாற்றிக் கட்டி 'பாப்ஸ்' என்று பெயர் வைத்து, 1926-இல் பென்டைன் கடற்கரையில் உலக சாதனை செய்தார். 1927 மார்ச்சில் அதே மணலில் அதே கார் கவிழ்ந்து இறந்தார். காரை அந்தக் கடற்கரையிலேயே புதைத்துவிட்டார்கள். 1969-இல் தோண்டி எடுத்துத் திரும்பக் கட்டினார்கள். இன்று அதை ஒரு பொக்கிஷமாகப் பார்க்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் காரின் மதிப்பு எங்கிருந்து வந்தது? அதை மாற்றிக் கட்டியதில் இருந்து. ஒருத்தர் கைபட்ட சரித்திரமும் சரித்திரம்தான்.

"ஆபத்து." ஆம், ஆபத்து உண்டு. பாரி தாமஸ் கதையே சாட்சி. ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம்? ஹெல்மெட் இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், எதிரே டிரைலர் லாரி வரும் சாலையில், இரண்டு பேரை உட்கார வைத்து ஓட்டுவதோடு ஒப்பிடுங்கள். தடத்தில் ஒரு வண்டிதான் ஓடும், கூட்டம் தள்ளி நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும், சோதனையில் தேறாத வண்டி கோட்டுக்கே வராது. இருபது வயசுக்கு வேகம் வேண்டாம் என்று எந்தச் சட்டமும் இதுவரை சொல்லி ஜெயித்ததில்லை. எங்கே ஓட்டுவது என்பதைத்தான் மாற்ற முடியும்.

"பணக்காரன் விளையாட்டு." பத்து கோடி கார் வைத்திருப்பவனுக்கு ஓட இடம் எங்கேயும் கிடைக்கும், விமானம் ஏறிப் போய்க்கூட ஓட்டுவான். தடம் இல்லாததால் நஷ்டப்படுவது ராயபுரத்தில் லேத் வைத்திருப்பவன்தான். அவனுக்குத்தான் பக்கத்தில் வேண்டும்.

"அப்படியானால் கடற்கரை இருக்கிறதே, உப்பளம் இருக்கிறதே? காட்டுப்பள்ளியையே பான்வில் ஆக்கிவிடலாமே!" கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூடவே கூடாது. பான்வில் என்பது பழங்கால ஏரி வற்றி இறுகிய உப்புப் பாளம். எண்ணூர்ப் பக்கத்து உப்பளம் அப்படியில்லை. வரப்பு கட்டி நீர் பாய்ச்சி உப்பு எடுக்கிற இடம், கீழே சேறு, பக்கத்தில் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம். அந்தப் பான்வில்லிலேயே மழையாலும் உப்பு மெலிந்ததாலும் 2014, 2015 இரண்டு வருஷமும் வேக வாரம் ரத்தானது. இங்கே கரையில் வலை காய்கிறது, ஆமை முட்டை இடுகிறது, மீனவர் வாழ்கிறார். துறைமுகம், மின்சாரம், சாம்பல் என்று ஏற்கெனவே கழிமுகத்தை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டது போதாதா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? வேகத்தின் பேரைச் சொல்லி அந்த மண்ணில் இன்னொரு அடி எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

அதனால்தான் ஓடுதளம். ஏற்கெனவே போட்ட கான்கிரீட், ஏற்கெனவே நேராக இருக்கிற கோடு. இங்கிலாந்தில் எல்விங்டன் என்ற ஊரில் போர்க்கால விமான தளம் ஒன்று உண்டு. மூன்று கிலோமீட்டர் ஓடுதளம். உப்புச் சமவெளி இல்லாத நாட்டுக்காரர்கள் அங்கேதான் வேகம் அளக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதே போரில் போட்ட ஓடுதளங்கள் சோழவரத்தில் மட்டும் இல்லை. உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று பட்டியல் நீளும்.

காசு இல்லை என்று சொல்ல முடியாது

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பொதுச்சாலையை மூடி, விளக்குப் போட்டு, ராத்திரியில் ஃபார்முலா 4 ஓட்டினார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கூட நின்றது. வழக்கு, வெள்ளம், தள்ளிவைப்பு என்று எத்தனை தடை வந்தாலும் நடத்தியே காட்டினார்கள். பிரமாதம். சும்மா சொல்லக் கூடாது, ஊரே திரும்பிப் பார்த்தது.

சரி, அந்த இரண்டு நாளில் வியாசர்பாடி மெக்கானிக் என்ன செய்தான்? டிக்கெட் கிடைத்திருந்தால் பார்த்தான். கிடைக்காவிட்டால் பாலத்தில் நின்று சத்தம் கேட்டான். அவன் கட்டிய எதுவும் அந்தத் தடத்தில் ஓடவில்லை, ஓடவும் முடியாது. கம்பெனி செய்து கொடுத்த ஒரே மாதிரிக் கார்கள், முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. வேடிக்கை பார்க்க ஒரு தடத்தை ஏற்பாடு செய்ய முடிந்த அரசால், கட்டிப் பார்க்க ஒரு தடத்தை ஏற்பாடு செய்ய முடியாதா?

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை.

ஒன்று: சோழவரமோ வேறு எந்தப் பயன்படாத ஓடுதளமோ, யார் கையில் இருந்தாலும் பேசி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து விடுங்கள். ஸ்டேடியம் வேண்டாம், ஏ.சி. அறை வேண்டாம். வேலி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, நேரம் அளக்கும் கருவி போதும்.

இரண்டு: கட்டிய பழைய வண்டி என்று ஒரு வகுப்பை மோட்டார் பந்தயச் சம்மேளனம் உருவாக்கட்டும். ஆஸ்டின், ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு, பழைய புல்லட் என்று நம்மூர் ரோட்டில் ஓடியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல். அவரவர் வகையில் அவரவர் சாதனை.

மூன்று: வடசென்னை ஐ.டி.ஐ.க்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் ஆளுக்கொரு செத்த இன்ஜின் கொடுங்கள். ஒரு வருஷம் அவகாசம் கொடுங்கள். அப்புறம் தடத்துக்குக் கூப்பிடுங்கள்.

வடசென்னையிடம் இதுவரை எல்லாரும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மின்சாரம் வாங்கினார்கள், சாம்பலைக் கொட்டினார்கள். துறைமுகம் கட்டினார்கள், கரையில் இருந்தவர்களைத் தள்ளி இருக்கச் சொன்னார்கள். கார் செய்யச் சொன்னார்கள், செய்த காரைக் கப்பலேற்றினார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியதில் இரண்டு கிலோமீட்டர் ஓடுதளம் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

எண்ணூரில் 1950 வாக்கில் அந்த ஆஸ்டின்களைக் கோத்தவர்கள் அநேகமாக யாரும் இன்று இல்லை. அவர்களின் பேரன் பேத்திகள் அதே ஊரில், அதே புகையில் இருக்கிறார்கள். தாத்தா முறுக்கிய போல்ட்டை அவர்கள் ஒருமுறை கழற்றி, திரும்ப முறுக்கி, ஒரு நேர்க்கோட்டின் முனையில் கொண்டுபோய் நிறுத்தட்டும். 165 வருகிறதோ, 120-லேயே இன்ஜின் புகைகிறதோ, அது அவர்கள் பாடு. புகைந்தால் இழுத்துக்கொண்டு வந்து, திங்கட்கிழமை சாயந்திரம் மறுபடி பிரிப்பார்கள்.

அதுவரை காட்டுப்பள்ளிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக் முறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் போலீஸ் வண்டியை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ஓர் ஓடுதளத்தின் கேட்டைத் திறக்கத் தெரியாதா என்ன?